மூன்றாம் ஓலைக்கு முன்

சாயக் கையோடு என் கன்னத்தைத் தொட்டுவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்கும் என் அப்பாவுக்கு,

போன ஞாயிறு கோவிலில் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்குப் போலவே குருப்பட்டத்துக்கும் மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசிப்பது உங்களுக்குத் தெரியாததா? "களம்பூர் சூசைராஜ் குருப்பட்டம் பெற இருக்கிறார். தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்." முதல் ஓலையன்று அம்மா என் பக்கம் சாய்ந்து, "யாருடி அது சூசைராஜ்?" என்றாள். எனக்கும் சட்டென்று பிடிபடவில்லை. நம் சாமிதான் அப்பா.

'சாமி' நீங்கள் வைத்த பேர்தானே. களம்பூர் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவரின் மகன், குருமடத்துக்குப் போக ஆசைப்படுகிறான், வசதி இல்லை என்று கேள்விப்பட்டதும் சாயப்பட்டறையைப் பூட்டிவிட்டு ஓடினீர்கள். அன்றிலிருந்து படிப்புச் செலவு முழுக்க உங்களுடையது. ஊரில் எல்லோரும் குருமாணவர்களை 'பிரதர்' என்பார்கள். நீங்கள் மட்டும் அவர் முதல் லீவுக்கு வந்தபோதே "வாங்க சாமி" என்று எழுந்து நின்றீர்கள், பதினெட்டு வயசுக்காரருக்கு. எங்களுக்கும் அப்படியே பழகிவிட்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டே அவரை அங்கே கட்டிப்போட்டுவிட்டோமோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பத்திரிகை கொடுக்க வந்தார். அதில் உங்கள் படமும் இருந்தது. ஆள் பாதியாகியிருந்தார். அம்மா வைத்த இட்லியைத் தொடவில்லை. எடுத்த டம்ளர் சரிந்து, தண்ணீர் பத்திரிகைமேல் கொட்டியது. துடைக்கத் தோன்றாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். களம்பூர் பஸ் வந்து நின்றது, அவர் ஏறவில்லை.

"அக்கா, ஒரு தடவ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

"சூசை. இன்னா ஆச்சு? சொல்லு."

அவ்வளவுதான், அழுதுவிட்டான். "பட்டம் எனக்கு வேணாங்கா. ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சிகினுதான் இருக்கேன். குருமட அதிபர்கிட்ட சொல்லிடலாம்னு இருந்த வாரந்தான் நம்ப அப்பா படுத்தாரு. 'என் கல்லறையில வந்து நீங்கதான் பூசை வெக்கணும் சாமி'ன்னு கையப் புடிச்சிகினாரு. தலையாட்டிட்டேன். உயிரோட இருக்கறவங்கன்னா மாத்திப் பேசலாம். செத்தவங்ககிட்ட எப்படிங்கா பேசறது?"

அடுத்த பஸ்ஸில் ஏறும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "பட்டத்தன்னிக்கு நான் இருப்பேனான்னே தெரியல."

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. தினமும் போன் செய்து "சூசை, சாப்டியா?" என்று கேட்கிறேன். 'ம்' என்பான். நேற்றுக் காலையிலிருந்து எடுக்கவே இல்லை. சாயங்காலம் எடுக்கும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அம்மாவிடம் சொன்னேன். "வாயத் தொறக்காத. செத்த மனுசன் ஆசைடி அது. கோவில் வாசல்ல பேனர் கூட கட்டிட்டாங்க" என்றாள். ஆமாம், கட்டிவிட்டார்கள். அதில் சூசை கைகூப்பிச் சிரிக்கிறான். எப்போது எடுத்த படமோ.

உங்கள்மேல் கோபம் வருகிறது அப்பா. உங்கள் ஆசையில் தப்பில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் "உனக்கு இஷ்டமா?" என்று ஒருநாள் கேட்டீர்களா? நான்தான் கேட்டேனா?

வரும் ஞாயிறு மூன்றாம் ஓலை. எனக்குத் தெரிந்து இந்த ஊரில் ஓலை வாசித்து யாரும் போய்த் தடை சொன்னதில்லை. நான் சொன்னால் அம்மா என் முகத்தில் விழிக்கமாட்டாள். நல்ல காரியத்தைக் கெடுத்தவள் என்று தெருவே பேசும். சொல்லாவிட்டால்? அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

இன்று அவனிடமே கேட்டேன், ஃபாதரிடம் போய்ச் சொல்லட்டுமா என்று. முதலில் பேச்சை மாற்றினான். பிறகு, "சொல்லுங்கக்கா. அப்பா கோச்சிக்குவாரா?" என்றான். முப்பதை நெருங்குகிறவன் கேட்கிற கேள்வியா அப்பா இது?

கோச்சிக்க மாட்டார் என்று உங்களுக்காக நானே சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை நீங்கள் காப்பாற்ற வேண்டும். நாளைக் காலை நான் பங்குத்தந்தையைப் பார்க்கப் போகிறேன், இது சத்தியம். என்ன தடை என்று கேட்பார். எங்கப்பாதான் என்று சொல்வேன்.

முதல்முறையாக உங்கள் பேச்சை மீறும்,
உங்கள் மூத்த மகள்
ரோஸ்லின்