பழனி வண்டியின் எர்த்

நவம்பர் 4, 2003. செவ்வாய்.

விடிந்ததிலிருந்து தூறல். வேலை: டிராக்டர் டைனமோ ஒன்று, ஹாரன் இரண்டு. கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தும் பிரயோஜனமில்லை.

சித்ரா கடைக்கு வந்தாள். பழனியின் மனைவி. சாவு வீட்டில் கூட்டத்தோடு நின்றுவிட்டு வந்தவன் நான், கிட்டே போகத் தைரியம் வரவில்லை. இன்னும் பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை. வாசல் தாண்டக்கூடாது என்று மாமியார் சத்தம் போட்டிருப்பார். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"அண்ணா, குடிச்சிட்டு வண்டி ஓட்டுனாருன்னு ஊரே சொல்லுது. எங்க மாமியாரே சொல்றாங்க. அவரு குடிப்பாரு, நான் மறைக்கல. வண்டியில ஏறும்போது தொடமாட்டாருண்ணா. நீங்க ஒருவாட்டி வண்டியப் பாருங்க. எனக்கு அது தெரிஞ்சா போதும்."

பார்க்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

போன வாரம் ஏரிக்கரையில் மண் அள்ளிக்கொண்டு இறங்கும்போது லோடர் வண்டி கவிழ்ந்தது. ஓட்டிவந்த பழனி அடியில் நசுங்கிவிட்டான். பிறகு தூக்கி நிறுத்திச் சாவி போட்டார்கள், ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அதுதான் அவனுக்கு வினை. வண்டி நன்றாக இருந்தால் தப்பு ஆள் மேல்தானே.

நவ. 5. புதன்.

மழை இல்லை. வேங்கிக்கால், வண்டி ஓனரின் ஷெட்.

"இன்னாப்பா, செத்தவன எழுப்பப் போறியா?" என்றார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தம்பி மாதிரிய்யா அவன். அடுத்த புதன் வண்டி சைட்டுக்குப் போவணும். அதுக்குள்ள பாத்துக்கோ."

பாட்டரி 12.6. சார்ஜிங் 14. ஃபியூஸ் சரி. ஸ்விட்ச் சரி. சோலனாய்டு சரி. கரண்ட் இருக்கும்வரை டீசலைத் திறந்து வைக்கும் சாமான் அது. வோல்ட் குறைந்தால் மூடிக்கொள்ளும், இன்ஜின் நின்றுவிடும். அங்கேதான் சந்தேகப்பட்டேன். அங்கேயும் பன்னிரண்டு காட்டுகிறது.

ஆயுத பூஜைக்கு அடித்த மஞ்சள் பெயிண்ட், கவிழ்ந்த பக்கம் தவிர, இன்னும் பளபளவென்று இருக்கிறது. கேபினில் காய்ந்த மாலை. அதை எடுத்து ஓரமாக வைத்தேன். உள்ளே உட்காரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நவ. 6. வியாழன்.

ஒன்றும் கிடைக்கவில்லை. பல் வலி ஜாஸ்தி. ஒயரை ஒயராகப் பார்த்தாகிவிட்டது.

டீக்கடையில் ஒருத்தன்: "எலக்ட்ரீசியன் இன்னா தேடுறாரு, குவார்ட்டர் பாட்டிலா?" எல்லாரும் சிரித்தார்கள். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். எனக்கே ஒரு நிமிஷம், குடித்துத்தான் இருப்பானோ என்று தோன்றியது. என் மேலேயே வெறுப்பு.

நவ. 7. வெள்ளி.

கிடைத்துவிட்டது.

சும்மா நிற்கிற வண்டியில் மீட்டரை வைத்தால் எல்லாம் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். இது இத்தனை வருஷம் தெரியாதா எனக்கு? இன்று ஷெட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் ஏற்றி, பக்கெட் நிறைய மண்ணோடு ஓட்டினேன். ஒயர் நீட்டி மீட்டரைக் கேபினிலேயே கட்டிக்கொண்டேன். இன்ஜின் சூடானது. இறக்கத்தில் குலுங்கும்போது முள் ஆடியது. 12, 10, 7. இன்ஜின் நின்றது. இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும்; கல்லாகிவிட்டது, இரண்டு கையாலும் அசைக்க முடியவில்லை. பிரேக்கில் ஏறி நின்றேன். எனக்கு அகலமான மேடு. அவனுக்கு ஏரிக்கரை.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் எர்த்தைப் பார்த்தேன். பாட்டரிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சந்து. கறுப்பு ஒயர் எல்லாம் ஒரே போல்ட்டில் சேஸ் இரும்போடு சேரும் இடம். போல்ட்டைக் கழற்றினால் அடியில் மஞ்சள் பெயிண்ட், கெட்டியாக. பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகாது. இரும்பும் இரும்பும் ஒட்டணும். இத்தனை நாளும் போல்ட் மரையை மட்டும் நம்பி ஓடியிருக்கிறது. சூடேறிக் குலுங்கினால் அந்தப் பிடிப்பும் விட்டுப்போகும்.

உப்புத்தாள் போட்டு இரும்பு வெளுக்கும்வரை தேய்த்து முறுக்கினேன். மறுபடி மேடு, மறுபடி இறக்கம். முள் அசையவில்லை.

குடி இல்லை. பெயிண்ட். அந்தச் சந்தில் பிரஷ் விட்டவன் யாரென்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன்.

நவ. 8. சனி.

பௌர்ணமி. பஸ் ஸ்டாண்டு பக்கமே போக முடியவில்லை, கிரிவலக் கூட்டம். மொபெட்டில் கீழ்பென்னாத்தூர்.

"வண்டிதாம்மா நின்னுச்சு. அவன் மேல தப்பே இல்ல" என்றேன். சித்ரா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். மாமியார் ஓடிவந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "என் புள்ளைய நானே பேசிட்டேனே" என்று அழுதார்.

எல்லாம் அடங்கியபின் கேட்டேன். பூஜைக்கு யார் பெயிண்ட் அடித்தது?

"நாங்க ரெண்டு பேருந்தாண்ணா." முகத்தில் லேசாகச் சிரிப்பு. "பாட்டரிக்குப் பின்னால அவரு கை போவாது. துரு புடிச்சிருக்குதுன்னு போல்ட்ட மட்டும் கழட்டிக் குடுத்தாரு. நான் கைய உள்ள வுட்டு ரெண்டு கோட் அடிச்சேன். காஞ்சப்புறம் அவரே முடுக்கிட்டாரு. என்னைய விட நீதான் நல்லா அடிக்கிறன்னாரு."

மொபெட் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இன்னா கோளாறுண்ணா?"

ஒயர் லூசு என்றேன்.

நவ. 10. திங்கள்.

ஓனரிடமும் ஒயர் லூசு என்றுதான் சொன்னேன். நல்ல மனுஷன். "காரியத்தன்னிக்கு நானே வந்து நாலு பேர் முன்னால சொல்றேன். வண்டியும் வாசல்ல நின்னுட்டுப் போவட்டும்" என்றார்.

ஆனால் அப்படியே விடவும் முடியாது. பூஜைக்கு எல்லா வண்டிக்கும்தான் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு ஷெட் ஷெட்டாகப் போனேன். சும்மா செக்கிங் என்றேன். ஒரு வண்டியில் அதே கதை, பச்சைப் பெயிண்ட். தேய்த்து முறுக்கினேன். ஆபரேட்டர் டீ வாங்கிக் கொடுத்தான். காரணம் சொல்லவில்லை. அது சித்ரா காதுவரை போய்விடும்.

பல் பிடுங்கியாயிற்று.

நவ. 12. புதன்.

காரியம். மேகமூட்டம், மழை வரவில்லை. ஓனர் சொன்னபடி வந்து எல்லார் முன்னாலும் சொன்னார். குடி என்று பேசியவர்களே முதலில் தலையாட்டினார்கள்.

வண்டி தெருவில் நின்றது. சித்ரா சுற்றி வந்து கற்பூரம் காட்டினாள். பிறகு நேராகப் பாட்டரிப் பெட்டிப் பக்கம் போய்க் குனிந்தாள். அவள் அடித்த இடம் ஆயிற்றே, பார்க்காமல் இருப்பாளா?

"அண்ணா, இங்க சுரண்டிக்கீதே."

"ஒயர் மாத்துனேம்மா."

"துரு புடிச்சிக்குமே. மிச்ச பெயிண்ட் வூட்ல கீது, இருங்க."

தடுப்பதற்குள் டப்பாவும் பிரஷுமாக வந்துவிட்டாள். முறுக்கியபிறகு மேலே அடித்தால் தப்பில்லை, நல்லதுதான். அவள் கையாலேயே அடிக்கட்டும் என்று விட்டேன். முகத்தில் கொஞ்சம் தெளிவு தெரிந்தது. கையை உள்ளே விட்டு போல்ட்டைத் தொட்டாள். தொழில் புத்தி, வாயை அடக்கத் தெரியவில்லை எனக்கு.

"போல்ட்ட மட்டும் கழட்டாதம்மா. மேலாப்புல அடி."

பிரஷ் நின்றது.

"கழட்டிட்டு அடிச்சா இன்னா ஆவும்ணா?"

ஏதாவது ஒரு பொய் உடனே சொல்லியிருக்கலாம். வரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை வெளியே எடுத்தாள். டப்பாவை மூடி, மூடியை உள்ளங்கையால் அழுத்தினாள்.