டப்பாவில் மிஞ்சும் சீனி

அன்புள்ள கிருத்திகாவுக்கு,

நீயும் என் பேரக்குழந்தையும் நலமாக இருக்கிறீர்களா? சக்குபள்ளத்து ஏலத்தோட்டத்தில் எனக்குக் குளிரைத் தவிர வேறு குறையில்லை.

மோகன் எல்லையிலிருந்து எழுதும் வலைப்பதிவை, ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களுக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அவனுடைய தோழன் பல்பீர் சீனி திருடும் கதை வந்தால், "சண்டைன்னா இம்புட்டுத் தமாசா, டீச்சர்!" என்று சிரிப்பார்கள்.

நேற்றைய பதிவில் பல்பீர் இல்லை. "சீனித் திருடன் எங்க டீச்சர்?" என்றாள் முருகேஸ்வரி. லீவில் ஊருக்குப் போயிருப்பதாக, அவன் எழுதியிருப்பதுபோல நானே சேர்த்து வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மோகன் எழுதியிருந்தது, "இப்போதெல்லாம் டப்பாவில் சீனி மிஞ்சிவிடுகிறது" என்று மட்டும்தான்.

உன் மாமாவின் கம்பளிச் சால்வை பீரோவில் இருக்கிறது, அனுப்பி வை. மோகன் பேசினால் பல்பீரைப் பற்றிக் கேட்காதே. தூங்கினானா என்று கேள்.

தபால் கொண்டுபோகும் ஜீப் வந்துவிட்டது.

அத்தை