வடலூருக்குப் போன கடல்தொட்டி

நெய்வேலி,
2 மார்ச் 2025

அன்புள்ள இளவேனில் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். உன் போன் வந்ததும் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்? பதில் எழுதினால் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கலியம்மாள் பெயருக்குப் போடு. அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. கோபமாக இருக்கிறேன்.

ஜூன் கடைசியில் அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட். வீட்டைக் காலி செய்ய வேண்டும், தெரிந்ததுதான். போன வாரம் மைன்ஸிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வந்தவர், சாப்பிட உட்கார்ந்துகொண்டே, "அண்ணங்கிட்டச் சொல்லிட்டேன். அவங்க வூட்டை ஒட்டியே ஒரு ரூம் கட்டி வெச்சிருக்குது. ஜூலையில ஊருக்குப் போயிரலாம்" என்றார். தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவருடைய ஊர். பெரியப்பா வீடு. நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"தொட்டி?" என்று கேட்டேன்.

"அதை யாருக்காச்சும் குடுத்துரலாம். அங்க வோல்டேஜே நிக்காது, மீனு எங்க நிக்கும்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

கரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது நீ வைத்த தொட்டி. நீ புனேவுக்குப் போன நாளிலிருந்து நான்தான் பார்க்கிறேன். எழுந்ததும் முதல் வேலை, ஆவியாகிக் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவது. ஞாயிற்றுக்கிழமை உப்புக் கலக்கி, ஒரு பங்கு பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவது. தண்ணீரின் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கப்பில் சேரும் பழுப்பு நுரையைக் கழுவுவதும் நான்தான். அதன் நாற்றம் உனக்கே தெரியும். கல்லில் ஒட்டிக்கொண்டு பூ மாதிரி அசையுமே அந்த அனிமோன், இப்போது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிகிறது. க்ளவுன் மீன் ஜோடி அதன் கைகளுக்குள்ளேயே கிடக்கிறது. பக்கத்துக் கல்லில் முட்டை வைத்திருக்கிறது. பெண் மீன் என் விரலையே வந்து கடிக்கிறது.

இதைத்தான் யாருக்காவது கொடுத்துவிடலாமாம். நீ அப்பாவிடம் சொல்.

உன் அம்மா,
கனகம்


புனே,
12 மார்ச் 2025

அன்புள்ள அம்மா,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் பயந்துபோனேன். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். படித்த பிறகு சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அம்மா, அது மீன்தான். அப்பா இத்தனை வருடமாக ராத்திரி, பகல் என்று பார்க்காமல் ஷிஃப்ட் போனவர். சாகும்வரை சொந்த ஊரில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அதில் என்ன தப்பு? பெரியப்பாவே இடம் கொடுத்து, ரூமும் கட்டிக் கொடுக்கிறார். எத்தனை பேருக்கு இப்படி அமையும்?

அந்த ஊரில் பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டி ஓடாது. அப்பா சொல்வது சரிதான். மோட்டார் நின்று தண்ணீர் ஓட்டம் போனால் அரை நாளில் எல்லாம் போய்விடும். அது செத்து நாறுவதைப் பார்ப்பதைவிடப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. பாண்டிச்சேரியில் தனகோட்டி என்று ஒருவர் இருக்கிறார். தொட்டிக்குள் இருக்கும் கடல் கல்லை, லைவ் ராக்கை, முதலில் அவரிடம்தான் வாங்கினேன். அவரே வந்து பத்திரமாக எடுத்துப் போவார். அவருடைய நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஊருக்குப் போனதும் உங்களுக்கு இரண்டு ஆடு வாங்கித் தரச் சொல்கிறேன். பொழுது போகும்.

அன்புடன்,
இளவேனில்


நெய்வேலி,
25 மார்ச் 2025

இளவேனிலுக்கு,

இரண்டு ஆடு. நன்றாக இருக்கிறது. பொழுது போகாமல்தான் நான் தொட்டி முன்னால் நிற்கிறேன் என்று நீயும் நினைத்துவிட்டாய்.

நீ கிளம்பிப் போன அன்று அந்தத் தொட்டி எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? கல் முழுக்க முடிமுடியாகப் பச்சைப் பாசி. மஷ்ரூம் பவளம் சுருங்கிக் கொட்டைப்பாக்கு மாதிரி கிடந்தது. "பார்த்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாய். நான் பழைய பல் பிரஷை எடுத்து ஒவ்வொரு கல்லாகத் தேய்த்தேன். தீனியைக் குறைத்தேன். நத்தை வாங்கி விட்டேன். அந்தச் சித்திரை வெயிலில் தண்ணீர் சுட ஆரம்பித்ததும், படுக்கையறை டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து தண்ணீர்மேல் காற்று படும்படி கட்டினேன். உன் அப்பா, "எனக்கு ஃபேன் இல்லையா?" என்று கேட்டார். மேலேதான் ஒன்று சுற்றுகிறதே என்றேன். நிலக்கரித் தூள் ஜன்னல் வழியாக வந்து படியுமே, அதற்காக ஜன்னலுக்குத் துணி கட்டினேன். இது உன் தொட்டி என்று நீ சொல்லலாம். அது உயிரோடு இருப்பது என்னால்.

இப்போது நிஜத்தைச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் ஒரு வருடம் அந்த ஊரில் இருந்தேன். உன் பெரியம்மா சாமியம்மாள் அக்காவிடம் கேட்காமல் ஒரு கரண்டி எண்ணெய் எடுக்க முடியாது. கடைக்குப் போக வேண்டும் என்றால் ஆள் அனுப்புகிறேன் என்பார். கெட்டவர் என்று சொல்லவில்லை. அது அவர் வீடு. உன் அப்பாவுக்கு இங்கே குவார்ட்டர்ஸ் கிடைத்து, சாவியை என் கையில் கொடுத்த அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே எனக்கு ஒரு அடுப்படி இருந்தது. கம்பெனி பஸ் ஏறி நினைத்த இடத்துக்குப் போய் வந்தேன். இந்த வயதில் திரும்பப் போய்ச் சின்ன மருமகளாக நிற்கச் சொல்கிறீர்கள். ரூம் கட்டினார்கள், தேதி வைத்தார்கள், என் தொட்டிக்கு ஆளும் பார்த்துவிட்டீர்கள். உனக்கு எங்கே இருக்க ஆசை என்று என்னை ஒருவராவது கேட்டீர்களா?

வடலூரில் கலியம்மாளின் நாத்தனார் வீட்டில் கீழ்ப்போர்ஷன் காலியாக இருக்கிறது. பார்த்துவிட்டு வந்தேன். தரை உறுதி. இன்வெர்ட்டர் வைக்க இடம் இருக்கிறது. நான் அங்கேதான் போகப்போகிறேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

கனகம்


புனே,
8 ஏப்ரல் 2025

அம்மா,

நேற்று ஆபீஸில் இருந்தபோது அப்பா போன் செய்தார். அழுதார். என் அப்பா அழுது நான் கேட்டதே இல்லை. "உங்கம்மா ஒரு மீன் தொட்டிக்காக என்னைய விட்டுட்டுப் போறாளாம், நான் ஊர்ல என்னன்னு சொல்றது?" என்று கேட்டார்.

பெரியம்மாவோடு உங்களுக்கு இருந்த வருத்தமெல்லாம் நான் பிறப்பதற்கு முந்தைய கதை. பெரியம்மாவுக்கே இப்போது முட்டிவலி. உங்களை அதிகாரம் செய்ய அவரால் எழுந்து நிற்கக்கூட முடியாது. சுரங்கத்தில் தூசியைத் தின்று நம்மைக் காப்பாற்றிய மனிதரை, ரிட்டயர் ஆன மறுநாளே தனியாக அனுப்புவீர்களா? எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள்.

இந்தச் சண்டைக்கெல்லாம் காரணம் தொட்டி. வாங்கியவள் நான். அதனால் நானே முடித்துவிடுகிறேன். தனகோட்டியிடம் பேசிவிட்டேன். 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவார். அப்பாவுக்கும் தெரியும். தயவுசெய்து தகராறு செய்யாதீர்கள்.

இளவேனில்


நெய்வேலி,
28 ஏப்ரல் 2025

இளவேனிலுக்கு,

உன் கடிதம் எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம்தான் கைக்கு வந்தது. கலியம்மாள் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். தனகோட்டியிடம் பேசுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை.

வருகிறவர் சாயங்காலம்தானே வருவார், அதற்குள் போன் செய்து நிறுத்திவிடலாம் என்று ஞாயிறு காலையில் மார்க்கெட்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் வாசலில் வண்டி. உள்ளே பாதித் தண்ணீர் குழாய் வழியாக டிரம்முக்குப் போய்விட்டது. கல்லெல்லாம் வாளியில். உன் அப்பா கதவைத் திறந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தனகோட்டியோடு வந்த ஆள், அனிமோனைக் கல்லிலிருந்து நெம்பிக்கொண்டிருந்தான். அது தன் அடிப்பாகத்தைக் கல்லில் அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் இழுத்தான். கிழிந்தது.

நான் காய்ப் பையைக் கீழே போட்டேன். என் குரலை நானே இதுவரை அப்படிக் கேட்டதில்லை. "கையை எடு" என்றேன். அவன் எடுத்துவிட்டான்.

"பொண்ணுதான் சொல்லுச்சுங்கம்மா. அய்யாவும் எடுத்துக்கச் சொன்னாரு" என்றார் தனகோட்டி.

"என்னைக் கேட்டீங்களா? இதுக்குத் தினம் தண்ணி ஊத்தறது யாருன்னு கேட்டீங்களா?"

அவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குழாயைத் திருப்பிப் போட்டுத் தண்ணீரை மறுபடி தொட்டிக்கே ஏற்ற ஆரம்பித்தார். "ஊதாக் கலர்ல சுண்ணாம்புப் பாசி படிஞ்சு கல்லு என்னா அருமையா இருக்குது. நான் வர மாட்டேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார். கல்லை இருந்தபடியே அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். உன் அப்பா நாற்காலியைவிட்டு எழவே இல்லை.

கிழிந்த அனிமோன் மூடிக்கொண்டது. மறுபடி விரியவில்லை. வாய் பிளந்து, நாற ஆரம்பித்தது. விட்டுவைத்தால் தண்ணீர் கெட்டு மற்றவையும் போய்விடும் என்று நானே கைவிட்டு எடுத்தேன். கையில் கரைந்தது. க்ளவுன் ஜோடி அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டு நாள் தீனி தொடவில்லை.

அதை வாங்கியவள் நீ. சரி. கொன்றதும் நீயே.

இனி எனக்குத் தொட்டியைப் பற்றி எழுத வேண்டாம்.

கனகம்


புனே,
11 மே 2025

அம்மா,

தொட்டியைப் பற்றி எழுதவில்லை. ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் செய்தது தப்பு. வாங்கியது மட்டும்தான் நான் என்று நீங்கள் எழுதிய பிறகுதான் உறைத்தது. மன்னிப்பீர்களா என்று கேட்க எனக்கு இப்போது வாய் இல்லை.

ஆனால் எனக்கும் கோபம் இருக்கிறது. அதையும் கேளுங்கள். அப்பா உங்களைப் பற்றி என்னிடம் சொல்கிறார். நீங்கள் அப்பாவைப் பற்றி என்னிடம் எழுதுகிறீர்கள். ஒரே வீட்டில், நான்கு சுவருக்குள் இருந்துகொண்டு இரண்டு பேரும் புனே வழியாகப் பேசிக்கொள்கிறீர்கள். நடுவில் நான் யார் பக்கம் நின்றாலும் அடி எனக்குத்தான்.

பெரியம்மா வீட்டில் ஒரு கரண்டி எண்ணெய்க்குக் கேட்டுக்கொண்டு நின்றதை எனக்கு எழுதினீர்களே, அதை அப்பாவிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறீர்களா? நான் அவரிடமே கேட்டேன். "அவ எங்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்லையே. தொட்டி, தொட்டின்னுதான் சொன்னா" என்கிறார். அவர் சிரித்தது தப்புதான். ஆனால் வெறும் மீனுக்காகத்தான் நீங்கள் சண்டை போடுகிறீர்கள் என்று அந்த மனிதர் நிஜமாகவே நம்புகிறார். அவர் அப்படி நம்ப இடம் கொடுத்தது யார்?

அவரிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வடலூருக்குத்தான் போவீர்கள் என்றால் போங்கள். நான் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

உங்கள்,
இளவேனில்


வடலூர்,
20 ஜூலை 2025

அன்புள்ள இளவேனிலுக்கு,

இரண்டு மாதமாக உனக்கு எழுதவில்லை. உன் கடைசிக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று கலியம்மாளிடம் போய்ப் பொருமினேன். அவள், "ஏங்க்கா, நீங்க பாட்டுக்கு எங்கிட்டச் சொல்லிகினே இருக்கீங்க. உங்க வூட்டுக்காரருகிட்ட எப்பதான் சொல்லப் போறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அவள் மேலும் கோபம் வந்தது.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் சொன்னேன். எண்ணெயைச் சொன்னேன், சோப்பைச் சொன்னேன், அந்த ஒரு வருடத்தில் அம்மா வீட்டுக்குப் போக நான்கு முறை கேட்டு நான்கு முறையும் வேறு வேலை வந்ததைச் சொன்னேன். "இந்தத் தொட்டி முன்னால நின்னா, எனக்கு ஒண்ணு தெரியும், அதை நான் செய்யறேன்னு இருக்கும். அங்க வந்தா நான் யாருங்க?" என்றேன். பேச ஆரம்பித்தபோது அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதுவிட்டேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அண்ணங்கிட்டக் கேட்டிருப்பனே" என்றார்.

"கேட்டிருக்க மாட்டீங்க" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. அடுத்த சில நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்தார். அவருக்கும் ரோஷம் இருக்கிறதே. பெரியப்பாவிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

வீடு மாற்றிய அன்று, நானும் கலியம்மாளும் தண்ணீரைக் கேன்களில் பிடித்து, கல்லை வாளியில் மூழ்க வைத்து, மீன்களைப் பேட்டரி மோட்டார் போட்ட டப்பாவில் விட்டிருந்தோம். தனகோட்டியும் வந்தார், நான் கூப்பிட்டு. மினி லாரி கிளம்பும் நேரத்தில் உன் அப்பா பின்னால் ஏறி உட்கார்ந்து மீன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். வடலூர் நான்குமுனைச் சந்திப்பில் டிராஃபிக்கில் வண்டி நின்றபோது, பக்கத்து பஸ்ஸிலிருந்து யாரோ என்ன மீன், குழம்புக்கா என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்குக் கோபம் வந்து, "பாத்தா குழம்புக்கு மாதிரி தெரியுதா?" என்று சண்டைக்குப் போய்விட்டாராம். தனகோட்டி சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நேற்று அப்பா ஊருக்குப் போனார். சோளம் விதைத்துவிட்டு ஆடி கடைசியில் வருகிறேன் என்றார். வரட்டும். வந்தால் இங்கே அவருக்கு இடம் இருக்கிறது. விதைப்புக்கு அவர் போவதைத் தடுக்க நான் யார்? அங்கே போய் இருக்க என்னை மட்டும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

தண்ணீர் முதல் வாரம் கலங்கியது. இப்போது தெளிந்துவிட்டது. மஷ்ரூம் எல்லாம் விரிந்துவிட்டது. இந்த ஊரில் தினம் ஒருதரமாவது கரண்ட் போகிறது, இன்வெர்ட்டர்தான் தாங்குகிறது. ஒவ்வொரு தடவையும் மின்வாரியத்துக்குப் போன் செய்து திட்டுகிறேன். என் குரல் அவர்களுக்குப் பழகிவிட்டது.

அனிமோன் போனதை நான் மறக்கவில்லை. அந்தக் கோபம் அப்படியேதான் இருக்கிறது. தபாலில் அது தீராது. தீபாவளிக்கு லீவு போட்டுவிட்டு வா, நேரில் திட்டிக்கொள்கிறேன். வரும்போது ஒரு மீனும் வாங்கி வராதே. தொட்டியில் எதை விடுவது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா,
கனகம்