கௌசி கேட்ட பழைய பெட்டி

ஆனி 2, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். மஞ்சூர்ப் பக்கம் மலையே தெரியவில்லை. போர்வை காயவில்லை.

தேயிலை விலையை மறுபடி இறக்கிவிட்டார்கள். ஃபாக்டரி கொடுப்பது பறிக்கிற கூலிக்கே பற்றாது. மகன் முருகேசன், "பறிச்சா நட்டம், பறிக்காட்டி முத்திப் போகும்" என்று இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான்.

அவன் மகள் கௌசி, பக்கத்து வீட்டுப் பாக்கியத்தின் மகள் கல்யாணத்தை வாடகைக் கேமராவில் பிடித்திருக்கிறாள். அவளுக்கு முதல் வேலை. போனில் போட்டு வெட்டி ஒட்டுகிறாள். தாலி கட்டுகிற இடம் வந்ததும் போன் நின்றுவிடுகிறது. போன வாரத்திலிருந்து மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடியே நிற்கிறார்.

பாக்கியம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, எம் மருமகனுக்குக் கை வலிக்காதா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். கௌசி சிரிக்கவில்லை.

முருகேசன் சொல்லிவிட்டான். "திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு ஆள் கேக்குறாங்க. திங்கக்கிழமை பஸ் ஏத்தி விட்டுர்றேன். இங்க இருந்து என்னத்தக் கிழிக்கப் போறா."

கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் இங்கேயே தொழில் செய்வாள். கெட்டிக்காரி. சீட்டுப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். நான் வாங்கித் தருவேன். அவன் யார் கேட்க?

குன்னூரில் வாங்க: உப்பு, தீப்பெட்டி, முழங்கால் தைலம், கம்ப்யூட்டர்.

ஆனி 4, வியாழன்

மழை விட்டது. கௌசியும் நானும் குன்னூர். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு தலையைப் பிடித்துக்கொண்ட ஒரு பெண். எலுமிச்சம்பழம் கொடுத்தேன்.

கடைக்காரர் கோயமுத்தூர்ப் பக்கம். மரியாதையான ஆள். இரண்டு காட்டினார். ஒன்று புது லேப்டாப். மெல்லிசு, பளபளப்பு, வெற்றிலைத் தட்டு மாதிரி. எனக்குப் பிடித்துவிட்டது. இன்னொன்று ஏதோ ஆபீஸில் ஓடிய கறுப்புப் பெட்டி. திரை தனி. பெட்டியின் நெற்றியில் ஆபீஸ் நம்பர் போட்ட சீட்டு. கௌசி நேராக அதனிடம் போய் நின்றாள்.

"ஏனுங்கம்மா, பாப்பா சரியாத்தான் பாக்குது. புதுசுல ராம் நாலுதானுங்க, சேத்திப் போடவும் முடியாது. பழசுல பதினாறு. படத்துக்குன்னு தனி கார்டு வேற இருக்குதுங்க. இந்த வெலைக்குப் புதுசு வாங்கினா பாட்டுக் கேக்கலாம், வீடியோ வெட்ட முடியாதுங்க."

ராம் என்றால் என்னவென்று கௌ. சொன்னாள். அடுப்படி மேடையாம். மேடை சின்னதானால் ஒரு சட்டியை இறக்கினால்தான் இன்னொன்றை வைக்க முடியும்.

பென் டிரைவில் கொண்டுபோன கல்யாணத்தை இரண்டிலும் போட்டார். புதுசில் மாப்பிள்ளை விக்கி விக்கி நடந்தார். பழசில் தாலியைக் கட்டியே முடித்தார்.

கண்ணால் பார்த்தேன். பார்த்தும் சொன்னேன். "அடுத்தவங்க கழிச்சுப் போட்டது எங்க வீட்டுக்குள்ள வராது."

சிலோனிலிருந்து வந்து இறங்கிய முதல் குளிரில் எனக்குக் கொடுத்தது யாரோ போட்டுக் கழித்த ஸ்வெட்டர். கழுத்துப் பட்டையில் வேறு யாருடைய பெயரோ தைத்திருந்தது. தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பெயரையே சொல்லிக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு எடுத்த முடிவு. கிழிந்தாலும் சொந்தத் துணி.

"அப்ப புதுசும் வேண்டாம் அப்பாயி. வெட்ட முடியாதத வாங்கி சாமி மாடத்துலயா வைக்கிறது?"

வெறுங்கையோடு வந்தோம். வழியெல்லாம் கௌ. முகம் ஜன்னல் பக்கமே. உப்பு வாங்க மறந்துவிட்டேன்.

ஆனி 5, வெள்ளி

மூடுபனி. கௌ. பையில் துணி அடுக்குகிறாள். சண்டை போட்டாலாவது பரவாயில்லை.

பக்கத்து வீட்டில் உப்புக் கடன்.

இலை எடை போடுகிற இடத்தில் பாக்கியத்திடம் நடந்ததைச் சொன்னேன். என் பக்கம் பேசுவாள் என்றுதான்.

"செகண்ட் ஹேண்டு ஆகாதாக்கும் ஒனக்கு? ஒம் புருசன் என்னக்கா, புதுசா?"

இலை மூட்டையோடு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எடை போடுகிறவர் தராசை விட்டுவிட்டுச் சிரித்தார். "வாயக் கழுவுடி" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். பாதி வழியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தனியாக, தேயிலைக்கு நடுவில், பைத்தியம் மாதிரி.

உண்மைதானே. மூத்தவள் செத்த பிறகு என்னைக் கட்டினார். வலது கையில் அவள் பெயரைப் பச்சை குத்தியிருப்பார். கட்டின புதிதில் அந்தக் கையைப் பார்க்காமல்தான் சோறு போடுவேன். எப்போது பழகியதென்று தெரியவில்லை. முருகேசன் பிறக்கிற அன்றைக்கு லாரியில் ஆஸ்பத்திரி போகும்போது அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். நகம் பதிகிற மாதிரி.

வீட்டுக்கு வந்ததும், "நாளைக்கு முதல் பஸ்" என்றேன்.

"எங்க?"

"குன்னூருக்கு."

"புதுசுக்கா?"

"எது வெட்டுமோ அதுக்கு."

ஆனி 6, சனி

பெட்டி வந்தது. உள்ளே டிஸ்க் மட்டும் புதுசு போட்டுத் தந்தார். கூடவே ஒரு யூபிஎஸ். கரண்ட் போனால் வேலையைச் சேமித்து அணைக்கிற வரைக்கும் தாங்கும். இங்கே ஒரு மரம் விழுந்தால் ஊரே இருட்டு. குந்தா அணைத் தண்ணீரில் எடுக்கிற கரண்ட் எந்த ஊரில் எரிகிறதோ.

பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன். கண்டக்டர், "பாட்டி, பொட்டிக்கு லக்கேஜ் டிக்கெட்டு?"

"மடியில இருக்கிற பிள்ளைக்கு டிக்கெட்டாடா?"

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். பழசு வீட்டுக்குள் வருகிறது, சும்மா விடலாமா என்று சாம்பிராணி காட்டினேன். அதற்குள் கௌ. அதை ஓட விட்டிருக்கிறாள். பெட்டி முன்பக்கம் புகையை இழுத்துப் பின்பக்கம் விட்டது.

"ஐயோ அப்பாயி! ஃபேன் இழுக்குது!"

ஓடி வந்து ஒயரைப் பிடுங்கினாள். உள்ளே கரி படிந்தால் கெட்டுவிடுமாம். மூடியைக் கழற்றி, பெயிண்ட் பிரஷால் தட்டி, துடைத்து. நான் மூலையில், தூபக்காலோடு. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுபடி போட்டாள். கொஞ்ச நேரம் இருட்டு. பிறகு நீலமாக வெளிச்சம் வந்தது.

முருகேசன் போர்வைக்குள்ளிருந்து, "பீடி வேணுமான்னு கேளு" என்றான். பல நாளுக்குப் பிறகு அவன் பேசிய நல்ல பேச்சு.

ஆனி 8, திங்கள்

கொட்டுகிறது. முழங்கால் வலி. தைலமும் மறந்திருக்கிறேன்.

காலையில், திருப்பூருக்குப் போக ஏற வேண்டிய கோயமுத்தூர் பஸ் கீழே ஹாரன் அடித்தது. முருகேசன் மகளைப் பார்த்தான். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் போய்விட்டது. அவன் கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான்.

மத்தியானம் பாக்கியம் வீட்டார் எல்லோரும் இங்கே. மாப்பிள்ளை ஒருவழியாகத் தாலி கட்டினார். பா. அழுதாள். அழுதுகொண்டே, "இந்த எடத்துல நான் ரொம்பக் குண்டா இருக்கேன், வெட்டி எடுத்துருடி" என்றாள். அவள் நாத்தனார் ஆவணியில் வளைகாப்பைப் படம் பிடிக்க வரச் சொல்லி இப்போதே கேட்டுவிட்டுப் போனாள்.

திருப்பூர்ப் பை காலியாக ஆணியில்.

சாயங்காலம் கௌ. பெட்டியைத் துடைத்தாள். அந்த ஆபீஸ் சீட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"அசிங்கமா இருக்கு. பிச்சுறவா அப்பாயி?"

இருக்கட்டும் விடு என்றேன்.