ஊதாக் கழுத்துக் கோழி

புறவாசலில் கிடக்கும், கோழி அடைக்கும் மூங்கில் பஞ்சாரத்தை அடுப்பெரிக்கப் போடுவதில்லை என்று இன்று காலை தீர்மானித்திருக்கிறேன். முறைப்படி யோசனை நடந்தது. சாதக பாதகங்கள் அலசப்பட்டன. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

மூங்கில் சிம்பையெல்லாம் கறையான் அரித்துவிட்டது. தூக்கிப் பார்த்தால் உள்பக்கம் அந்த ஊதாக் கறை இன்னும் இருக்கிறது. அதைக் கண்டதும் உமக்கு எழுதத் தோன்றியது. உமக்கு விலாசம் இல்லை என்பது ஒரு குறைதான்.

தாலுகா ஆபீசில் நமக்கு அடுத்தடுத்த மேஜை. அம்பாசமுத்திரத்தில் அடுத்தடுத்த வீடு. என்னுடையது சொந்தம், உம்முடையது வாடகை. உம் மனைவி காலமாகி, மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு, ஒற்றை ஆளுக்கு அவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று கேட்டேன். கிணற்றடியில் மனைவி வைத்த பிச்சிக்கொடியைக் காட்டினீர். "இதப் பேத்து எடுத்துட்டுப் போக முடியுமாவே?" என்றீர். பிறகு நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓர் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை உம்முடைய புறவாசலில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தேன். வாய்க்கால் பக்கமிருந்து ஒரு நாட்டுக்கோழி இரத்தமும் இறகுமாக ஓடி வந்து உம் காலடியில் விழுந்துகிடந்தது. சுவரோரம் கீரிப்பிள்ளை ஒன்று, தன் சொத்தை நீர் அபகரித்துவிட்ட மாதிரி நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. கோழியின் பிடரியில் சதை பிய்ந்து தொங்கியது. நாம் இருவரும் ஜென்மத்தில் கோழியைத் தொட்டதில்லை. எங்கே பிடிப்பது என்று தெரியாமல், பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டீர்.

கோழிக்குச் சொந்தக்காரி பின்தெருவில் விளக்குமாறு விற்கிறவள். வந்து பார்த்தாள். "கீரி கடிச்சது கொழம்புக்கும் ஆவாதுய்யா. தேறாது. நீங்களே வச்சுக்கிடுங்க" என்று சொல்லிப் போய்விட்டாள்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினீர். அதற்கு மேல் திருநீறு பூசினீர். தயிர்ச்சோறு பிசைந்து வைத்தீர். கோழி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் சோற்றைப் பார்த்தது, மறு கண்ணால் உம்மைப் பார்த்தது. மறுநாள் பருப்புச்சோறு. அதற்கடுத்த நாள் பிரதோஷம் என்பதால் சுண்டல்.

"என்னவே, தீட்சை குடுத்துச் சைவமாக்கப் பாக்கீரா?"

"நம்ம வீட்ல இருக்கது வேற என்னத்தவே சாப்பிடும்?"

நீர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அது தின்னாமலே சாகக் கிடந்தபோதுதான் விளக்குமாற்றுக்காரி வந்து கறையான் போடச் சொன்னாள். வாய்க்கால் கரைப் புற்றை உடைத்துச் சிரட்டையில் அள்ளி வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, உதட்டில் சிவாயநமவோடு கொட்டினீர். கோழி எந்த மந்திரமும் சொல்லாமல் தின்றது.

புண்ணில் புழு வைத்ததும் மஞ்சள் பைக்குள் மறைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர். எருமைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றோம். "ஒத்தக் கோழிக்கா இவ்வளவு தூரம்? அறுத்துட்டு வேற வாங்கும்வே" என்றார் மருந்து கொடுப்பவர். நீர் பையைத் திறந்து பிடித்தபடியே நின்றீர். அவர் வேறு வழியில்லாமல் ஊதா மருந்தைத் தடவினார். கோழிக்குக் கழுத்து ஊதா, உமக்குச் சட்டை ஊதா. தெருவுக்குச் சந்தேகம் வந்தது அந்தச் சட்டையால்தான்.

நம் தெரு சைவத் தெரு. பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் வாங்கி வருகிறவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். அதனால்தான் புறவாசல் வழியாக வருவார்கள். பொரித்த கோழி தெருவுக்குள் வரலாம். நடந்து வரும் கோழிக்குத்தான் தடை.

அப்படியும் புரட்டாசி பாதிவரை யாரும் வாய் திறக்கவில்லை. எப்படியும் செத்துப்போகும் என்று நம்பியிருந்தார்கள். கோழி முட்டையிட்டது. இட்டதைத் தெரு முழுக்கக் கேட்கும்படி அதுவே அறிவித்தது. நீர் அந்த முட்டையைச் செம்புக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி, என்னிடம் கொண்டுவந்தீர். "தேறிட்டுவே!" என்றீர். உம் மகளுக்குப் பிள்ளை பிறந்த சேதியைக்கூட நீர் அப்படிச் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

பிள்ளையார் கோவிலில் கூட்டம் போட்டார்கள். தலைமை, உம் வீட்டுக்கார அண்ணாச்சி. அவருடைய மூத்த மகனைப் பரோட்டாக் கடையில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"கோழி மேல நமக்கு ஒரு கோவமும் கெடையாது. வெளியூர்க்காரன் பாத்தா தெருவப் பத்தி என்ன நெனைப்பான்?"

"கோழி வளக்காங்கன்னு நெனைப்பான்" என்றீர்.

"முட்டைய என்ன செஞ்சீரு?"

"வெளக்குமாத்துக்காரி பிள்ளைக்குக் குடுத்தேன்."

"நாங்க நம்புதோம்வே. ஊரு நம்பணும்லா?"

கோழியை அனுப்ப வேண்டும், அல்லது வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. நான் எழுந்து, பொட்டலங்களைப் பற்றியும் இதே கூட்டத்தில் பேசிவிடலாமே என்றேன். உட்காரச் சொன்னார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்றே எழுதிக்கொண்டார்கள்.

வரும் வழியில் உம்மிடம் மன்றாடினேன். கோழியைக் கொடுத்துவிடும், அந்தப் பிச்சிக்கொடிக்காகவாவது இரும் என்றேன். "வீட்டுக்காரருக்கு வேற ஆள் கெடைக்கும். இதுக்கு வேற ஆள் கெடைச்சா கொழம்புதான்" என்றீர்.

கோழியோடு வரும் சைவருக்கு ஊருக்குள் வீடு கிடைக்கவில்லை. ஆற்றோரம், படித்துறைக்குக் கீழே, ஒரு மண்சுவர் ஓட்டுவீடு கிடைத்தது. ஐப்பசி பிறந்ததும் போனீர். பிச்சிக்கொடியில் ஒரு குச்சியை ஒடித்து ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டீர். இந்தப் பஞ்சாரத்தை அங்கே போய்த்தான் வாங்கினீர்; கோழியின் கழுத்துக்கு அப்போதும் ஊதா மருந்து தடவி வந்தீர். "அதுக்குக் கெளற எடம் இருக்குவே. நமக்கும் காத்து வருது" என்றீர். குச்சியும் துளிர்விட்டிருந்தது.

ஐப்பசிக் கடைசியில் மலையில் விடாத மழை. அணை நிரம்பிய சேதி எங்களுக்கு வந்து சேருமுன் ஆறு உம் வீட்டுக்கு வந்துவிட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு போனோம். வீடு இருந்த இடத்தில் சேறு. பக்கத்துப் பூவரச மரத்தின் உயரக் கவட்டையில் பஞ்சாரம் இருந்தது. அதன் வாயை உம் துண்டால் கட்டியிருந்தீர். உள்ளே கோழி. அதை மேலே ஏற்றிய நீர் எதற்காகத் திரும்ப இறங்கினீர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உம்மை மறுநாள் வாழைத்தோப்பில் கண்டெடுத்தார்கள்.

தெரு சார்பில் பெரிய மாலை போட்டார்கள். "தங்கமான மனுசன். யாருக்கும் ஒரு தொந்தரவு கெடையாது" என்றார் அண்ணாச்சி.

கோழியை நான் தெருவழியாகவே, எல்லோரும் பார்க்க, கையில் ஏந்திக் கொண்டுவந்தேன். எங்கே பிடிக்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. நீர் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டேன். பல வருஷம் என் புறவாசலில் இருந்தது. கழுத்தில் அந்த இடத்தில் மட்டும் கடைசிவரை இறகு முளைக்கவில்லை. முட்டையிட்ட நாளெல்லாம் ஊருக்கே கேட்கும்படி கத்தியது. யாரும் கூட்டம் போடவில்லை.

நம் தெரு மேட்டில் இருக்கிறது. அன்றைக்கு அங்கே தண்ணீர் வரவில்லை.