நெற்றியைத் துடைக்காமல் போனவனுக்கு

மச்சான்,

இந்த ஞாயிறு கொட்டாஞ்சேனையில், நம்முடைய சபையின் ஒலிக்கட்டுப்பாட்டு மேசை லாச்சியைத் திறந்தேன். நீ போடுகிற ஹெட்போன் வயர்களுக்கு அடியில் கிடந்தது. காது மெத்தை வெடித்திருந்தது, மாற்றலாம் என்று எடுத்தேன். தலைப்பட்டியின் தையலுக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ பொடி. பூஞ்சணம் என்றுதான் முதலில் நினைத்தேன். தட்டி மணந்து பார்த்தால் விபூதி. ஜெப நேரத்தில் நீ அதைக் காதிலிருந்து கழற்றி நெற்றிக்கு இழுத்து விட்டுக்கொள்வாயே, அப்படி ஒட்டியது.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது என்று உனக்குத் தெரியும். நேரே சொல்கிறேன். நீ போய்விட்டாய், ஆனால் நீயும் நானும் பிடித்த வாதம் இன்னும் முடியவில்லை. முடிக்க ஆளில்லாமல் அது என்னோடு கிடக்கிறது.

ஞாயிறு காலையில் நான் தெஹிவளையிலிருந்து காலி வீதி வழியாக வந்து வெள்ளவத்தையில் உங்கள் ஒழுங்கைக்குள் பைக்கை நிறுத்துவேன். நீ இறங்கி வருவாய், பின்னாலேயே உன் அம்மா, விரல் நுனியில் விபூதியோடு. பிள்ளை ஞானஸ்நானம் எடுத்து மூன்று நான்கு வருடமான பிறகும் ஒரு ஞாயிறும் அவர் தவறியதில்லை. நீ தலையைக் குனிந்து கொடுப்பாய்.

"சேர்ச்சுக்குப் போறவனுக்கு ஏன் அன்ரி இது?" என்று ஒருமுறை பொறுக்காமல் கேட்டேன்.

"அங்க போனாப் பிறகு உங்கட ஆள் பாத்துக்கொள்ளுவார். போற வழிக்கு ஆர் பொறுப்பு? காலி ரோட்டில பஸ் ஓடுறவனுக்கு உங்கட சாமியையும் தெரியாது, எங்கட சாமியையும் தெரியாது."

"அப்ப பைக் ஓடுற எனக்கு?"

"உமக்குப் பூசினா உம்மட அம்மா என்னோட சண்டைக்கு வருவா. ஹெல்மெட்டைப் போடும்."

சபையில் அந்த நெற்றியை எல்லாரும் பார்த்தார்கள். ஒருவர் வாய்திறந்தும் கேட்டார், முன்வரிசையில் இருக்கும் அந்த மூப்பர். "தம்பி, அதைத் துடைச்சுப்போட்டு உள்ள வரலாமே?" நீ கோபப்படவில்லை. "அம்மா வச்சது ஐயா. நான் எப்பிடித் துடைக்கிறது? வேர்வையில அதுவாப் போயிடும்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் மனதுக்குள் நான் மூப்பரின் பக்கம்தான் நின்றேன். இருந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. நான் வலையமைப்பு வேலை பார்க்கிறவன். இணைப்பு இருக்கிறது அல்லது இல்லை, நடுவில் ஒன்றும் கிடையாது.

வாதம் தொடங்கியது, பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தில் வரும் ஒலிவ மரத்தைப் பற்றிப் போதகர் பிரசங்கித்த அன்று. ஆராதனை முடிந்து, கனடாவில் இருக்கிற சொந்தங்களுக்காகக் காணொளியை ஏற்றிக்கொண்டிருந்தோம். அது எறும்பு ஊர்வதுபோல் ஏறியது. உவமை இதுதான்: நல்ல ஒலிவ மரத்தின் சில கிளைகள் முறிந்து விழ, காட்டு ஒலிவக் கிளையைக் கொண்டுவந்து அந்த இடத்தில் ஒட்டினார் கடவுள். முறிந்த கிளைகள் யூதர், ஒட்டினது யூதரல்லாத புறஜாதியார். எனக்கு அந்த உவமையே பிழையாகப் பட்டது.

"ஒட்டுக் கட்டுறவன் நல்ல கிளையை எடுத்துக் காட்டு மரத்திலதான் ஒட்டுவான். இது தலைகீழ். செய்முறையே பிழை."

"பவுலுக்கும் அது தெரியும் மச்சான். இயல்புக்கு மாறாத்தான் செய்தவர் எண்டு அவரே சொல்றார். முறைப்படி செய்திருந்தா நாங்கள் ஆரும் உள்ளுக்கு வந்திருக்கேலாது. அதுக்குப் பேர்தான் இரக்கம்."

பிறகு நீ ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாய். குரலும் இறங்கியது. "அந்தப் பவுல் தன்ர யூத சனத்துக்காக அழுறார், கவனிச்சனியே? அவங்கள் உள்ள வருவாங்கள் எண்டா, தான் வெளியில தள்ளுப்பட்டாலும் பரவாயில்லையாம். எனக்கு அது விளங்குது. அம்மா இல்லாமல் நான் பரலோகம் போய் என்ன செய்யிறது?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் வாய் அப்படியில்லையே. "உன்ர அம்மா யூதர் இல்லையடா. அவர் அழுதது கடவுளிட்ட வாக்குத்தத்தம் கிடைச்ச சனத்துக்காக. நீ அதைத் தூக்கி உன்ர வீட்டுக்கு வைக்கேலாது."

நீ என்னைப் பார்த்த பார்வை இப்போதும் தெரிகிறது. கோபமில்லை, கொஞ்சம் பரிதாபம். "அப்ப நீ ஆர்? உன்ர பூட்டனும் காட்டுக் கிளைதான். நாலு தலைமுறையா ஒட்டிக்கொண்டு நிண்டதில நீதான் மரம் எண்டு நினைச்சிட்டாய். நானாவது நேற்று ஒட்டினவன், வெட்டின இடம் இன்னும் நோகுது. உனக்கு நோவும் இல்லை, நன்றியும் இல்லை."

எனக்குச் சுட்டது. எங்கள் குடும்பத்தில் எல்லாரும் பிறந்த வீட்டில் உலாவுவதுபோல்தான் சேர்ச்சுக்குள் உலாவுவோம். பூட்டன் பெயர் பித்தளைத் தகட்டில் சுவரில் இருக்கிறது. நாங்களும் ஒரு காலத்தில் வாசலுக்கு வெளியே நின்ற புறஜாதிதான் என்பதை ஒருவரும் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. நீதான் முதலில் சொன்னாய்.

"எல்லாரையும் ஒரே குற்றத்துக்குள்ள வச்சுப் பூட்டின கடவுள், எல்லாருக்கும் இரங்கத்தான் பூட்டினவர்" என்றாய். "எல்லாருக்கும் எண்டா எவ்வளவு பேர்? நீ கணக்குப் படிச்சனிதானே, சொல்லு."

பதில் சொல்லுமுன் காணொளி ஏறி முடிந்தது. பிறகு சொல்லலாம் என்று எழும்பிவிட்டேன். எனக்கு எப்போதும் எங்கேயோ போக அவசரம்.

அதற்குப் பிறகு வந்த மழையில் உனக்கு டெங்கு. காய்ச்சல் குறைந்துவிட்டது என்று நீயே செய்தி அனுப்பினாய். குறைந்த பிறகுதான் அது ஆளைக் கொல்லும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு கிழமைகூட எடுக்கவில்லை.

மலர்ச்சாலையில், பெட்டிக்குள் நீ வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தாய். நெற்றி நிறைய விபூதி. வீட்டிலிருந்து போகும்போது அம்மா வழக்கமாய் வைப்பது ஒரு கீற்று. அன்று மூன்று விரலாலும் அள்ளிப் பூசியிருந்தார். உன் மாமா இறுதிக் கிரியைக்கு ஐயருக்குச் சொல்லியிருந்தார். சபையாரும் வந்து வாசலோடு நின்றார்கள். மூப்பர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நீர் அவங்களுக்குப் பழக்கமான ஆள். நெற்றியை ஒருக்காத் துடைச்சு விடும். பிறகு போதகர் ஜெபிக்கட்டும்."

"நீங்களே துடையுங்கோ ஐயா. தாய் பக்கத்திலதான் இருக்கிறா, அவவின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு துடையுங்கோ."

அவர் பெட்டிப்பக்கம் போகவில்லை. போதகர் உள்ளே வந்து, உன் தலைமாட்டில் நின்று சுருக்கமாக ஜெபித்தார். உன் மாமா கைகளைக் கூப்பிக்கொண்டு கேட்டார். அவ்வளவுதான். அதில் சமாதானம் வந்துவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். சபையார் தேவாரம் தொடங்குமுன் வெளியே போய்விட்டார்கள், இரு பக்கமும் ஒன்றையொன்று பார்க்காமல்தான் உன்னைப் பார்த்தது.

பெட்டியை மூடுவதற்கு முன் அம்மா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, இவ்வளவு நாளும் நான் பூசி விட்டதால உங்கட ஆள் இவனைச் சேர்க்காமல் விடுவாரோ?"

நீ கடைசிவரை பயந்தது அம்மா வெளியே நின்றுவிடுவார் என்று. அம்மா பயந்தது தன்னால் நீ வெளியே நின்றுவிடுவாய் என்று. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் இதை ஒருவருக்கொருவர் சொல்லவேயில்லை.

"சேர்ப்பார் அன்ரி. அதுக்காக விலக்கமாட்டார்." இதைச் சொல்ல எனக்கு யோசனை தேவைப்படவில்லை.

அவர் தலையை ஆட்டினார். பெட்டிக்குள் உன்னைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப நான் போனா, இவனைப் பாப்பனோ?"

மச்சான், நான் படித்த பாடத்தின்படி, விசுவாசியாதவருக்கு இதற்குப் பதில் 'இல்லை'தான். ஞாயிறு பாடசாலையில் பரிசு வாங்கினவன் நான், அந்தப் பதிலை நித்திரையிலும் சொல்வேன். அது வாய்வரை வந்தும் வெளியே வரவில்லை. நீ கேட்ட கணக்கு மட்டும்தான் அந்த நேரம் தலைக்குள் நின்றது. எல்லாருக்கும் என்றால் எவ்வளவு பேர்?

"பாப்பீங்கள்" என்றேன்.

அவர் கையை விட்டார். பெட்டியை மூடினார்கள்.

இப்போது ஆராதனை முடிந்து சில ஞாயிறுகளில் உங்கள் வீட்டுக்குப் போகிறேன். தேத்தண்ணி தருவார். கடல்பக்கம் ரயில் போகும்போது கதையை நிறுத்தி, போனபின் தொடருவார். சபைக்கு வாருங்கள் என்று நான் கேட்பதில்லை, வரட்டோ என்று அவரும் கேட்பதில்லை. ஆனால் போன மாதம், கோப்பையை எடுக்கும்போது, "நீர் பொய் சொல்ற பிள்ளை இல்லை. அதாலதான் எனக்கு நித்திரை வருது" என்றார்.

எனக்கு நித்திரை வருவதில்லை. எந்த அதிகாரத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. போதகரிடம் கேட்கவும் இல்லை; அவர், 'இல்லை, பார்க்கமாட்டார்' என்று சொல்லிவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? முன்பு என் ஜெபத்தில் வேலை, விசா, அப்பாவின் சீனி வியாதி என்று ஒரு வரிசை இருக்கும். இப்போது ஒன்றுதான். ஆண்டவரே, உம்மைக் கேளாமல் உமது பெயரில் ஒரு தாய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். என்னைப் பொய்யனாக்காதேயும்.