தெப்பத்துக்காக எழும் பாலம்

அன்புள்ள மாப்ளே,

இன்று காலை தெப்பக்குளத்துப் பக்கம் போனேன். நாளைய திருவிழாவுக்குக் குலையோடு வாழை வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்த வாழைக்கறை வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கிழவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

பாம்பன் பாலத்தில் ஃபிட்டர் வேலை பார்த்துவிட்டு நீ ஊர் திரும்பிய வருஷம்தான் நான் அந்தக் கூத்தை அடித்தேன். தெப்பம் சுற்றி முடிந்து சுவாமி குளத்து நடுமண்டபத்தில் இறங்கியதும் படைக்க வேண்டிய சர்க்கரைப் பொங்கலை, ஒரு சின்னப் பரிசலில் ஏற்றிக்கொண்டு போனேன். கோயில் சமையல்காரன் உடம்பைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? பாதி வழியில் பரிசல் கவிழ்ந்தது. நான் கரையேறினேன், பொங்கல் மீனுக்குப் போனது. ஊரே சிரித்தது. நான் அழுதேன். "அழுவாத மாப்ளே, அடுத்த வருசம் நீ நடந்தே போவ," என்றாய்.

நடந்து போகப் பாலம் வேண்டும். ஆனால் மண்டபத்தை மூன்று சுற்று வரும் தெப்பத்தை அது மறிக்குமே! நீ மணலில் கோடு கிழித்துக் காட்டினாய். கல்கத்தாவில் ஆற்றின் மேல் மிதக்கும் பாலத்தின் நடுத்துண்டை நகர்த்திக் கப்பலுக்கு வழி விடுகிறார்களாம். பாம்பனில் பாலத்தின் இரண்டு கையும் மேலே எழும்பும். நமக்கு ஒரே ஒரு பலகைத் துண்டு எழும்பினால் போதும் என்றாய். கரையிலிருந்து மண்டபம்வரை மரப்பாலம் போட்டு, நடுவே வண்டி அச்சில் அந்தப் பலகையைப் பொருத்தி, அச்சுக்கு மறுபக்கம் கல் நிரப்பிய பெட்டியைத் தொங்கவிட்டாய். பெட்டி இறங்கினால் பலகை ஏறும். "ஏத்தம் எறைக்கிற கணக்குத்தான். தூக்குறது கையி இல்ல, எதிர்ப்பாரம்," என்பாய். ஒத்திகையில் இரண்டு பேர் கயிற்றை இழுத்ததும் பலகை நோகாமல் எழுந்தது.

கோயில் காரியக்காரருக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. "தெப்பம் நின்டுச்சுன்னா இதப் பிரிச்சு மடப்பள்ளி அடுப்புல வச்சுருவேன்," என்றார். "ஏன் பதறுறீக? நிக்காது," என்றாய் நீ.

நம்மூர்க்காரர்களுக்குப் புதிதாக எதைப் பார்த்தாலும் வாழை கட்ட வேண்டும். திருவிழாவன்று நாம் சாப்பிடப் போன நேரத்தில், எழும்ப வேண்டிய முனையிலேயே பெரிய குலைகளோடு இரண்டு மரங்களைக் கட்டிவிட்டார்கள். தெப்பம் வளைந்து வந்தது. கயிற்றை இழுத்தார்கள். பலகை அசையவில்லை.

"வாழைய அவுருங்கப்பா!" என்று கத்தினாய்.

"சாமி வாரப்ப கட்டுன வாழைய அவுக்குறதா? கூடவே கூடாது," என்று காரியக்காரர் குறுக்கே நின்றார்.

மூங்கில் கழி ஊன்றித் தெப்பத்தைத் தள்ளியவர்களால் அதை நிறுத்தவும் முடியவில்லை. உன் முகம் வெளுத்து அன்றுதான் பார்த்தேன். பொங்கல் பானையோடு நின்ற என்னை நீ மேலும் கீழும் பார்த்தாய்.

"மாப்ளே, பெட்டில ஏறு!"

ஏறினேன். பெட்டி இறங்கியது, பலகை எழுந்தது, வாழை இரண்டும் வானத்தைப் பார்த்தன. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, பானையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தேன். சுவாமி கடந்து போனார். மூன்று சுற்றும் முடியும்வரை நீ என்னை இறங்க விடவில்லை. "போன வருசம் பரிசலக் கவுத்த ஒடம்பு, இந்த வருசம் பாலத்தத் தூக்கிருச்சு!" என்று நீ கூவ, காரியக்காரரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பலகை இறங்கியதும் ஈர வேட்டியோடு நடந்து போய்ப் பொங்கலைப் படைத்தேன். ஒரு பருக்கை சிந்தவில்லை.

அங்கே வாழை கட்டுவது வழக்கமாகிவிட்டது; அடுத்த வருஷம் பெட்டியில் நாலு கல்லைக் கூட்டியிருக்கலாம். நீ கூட்டவில்லை. "அது ஒன் எடம்டா," என்றுவிட்டாய். வருஷா வருஷம் ஏறினேன்.

நீ போன பிறகு நான் இளைத்துவிட்டேன். வயசு என்கிறார் வைத்தியர். போன வருஷம் நான் ஏறியதும் பலகை அரை முழம் எழும்பி நின்றுவிட்டது. கல் எடுக்க ஓடினார்கள். வேண்டாம் என்று தடுத்தேன். உன் காரியம் முடிந்ததும் உன் வீட்டில் எனக்குக் கொடுத்தார்களே, நீ பாம்பனில் நட்டு முடுக்கிய ஸ்பானர், உலக்கை கனம் கனக்குமே, அதை மடப்பள்ளியில்தான் வைத்திருக்கிறேன். எடுத்து வரச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டேன்.

பாலம் எழுந்தது. நாளைக்கும் நாம் இரண்டு பேரும்தான் ஏறுகிறோம்.